கரையைக் கடந்து போவதும் கரையில் தங்குவதும்
ஏற்றுமதிப் பாடத்தை நம் ஊரிலிருந்து தொடங்குவோம்

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் ‘உலகமயமாதல் மற்றும் வர்த்தகம்’ என்ற பாடம் இருக்கிறது. பாடத்தை நடத்தி முடித்ததும், “ஏற்றுமதியால் நாட்டுக்கு என்ன நன்மை?” என்று கேட்டுப் பாருங்கள். “அந்நியச் செலாவணி கிடைக்கும், வேலைவாய்ப்பு பெருகும், நாடு முன்னேறும்” என்று மூன்றே வரியில் பதில் வந்துவிடும். தேர்வுக்கு அது போதுமானதுதான். ஆனால் சாகுபுரம் பக்கத்தில் பாடம் நடத்தும் எனக்கு அந்த மூன்று வரி போதவில்லை.

காரணம் எளிது. என் வகுப்பில் இருப்பவர்கள் உப்பளத் தொழிலாளர்களின் பிள்ளைகள், மீனவர்களின் பிள்ளைகள், ரசாயன ஆலைக்கும் துறைமுகத்துக்கும் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். ஏற்றுமதி என்பது அவர்களுக்குப் பாடநூலில் வரும் சொல் மட்டுமல்ல. அப்பாவுக்கு இந்த வாரம் வேலை உண்டா இல்லையா என்பதே அதில்தான் இருக்கிறது. ஒருமுறை கொற்கையின் முத்து வணிகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “இரண்டாயிரம் வருஷமா நாம ஏற்றுமதி பண்றோம்ல சார், அப்புறம் ஏன் நம்ம ஊரு இன்னும் பணக்கார ஊரா ஆகல?”

பாடத்தின் மையமே அந்தக் கேள்விதான். ஏற்றுமதி ஓர் ஏழை நாட்டை உயர்த்துமா? எப்போது உயர்த்தும், எப்போது உயர்த்தாது? இதற்கு விடை தேட வேறெங்கும் போக வேண்டியதில்லை. கொற்கை முதல் சாகுபுரம் வரை உள்ள இந்தக் கடற்கரையே அதற்கு ஒரு பாடநூல். அதை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துகிறேன் என்பதை ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முத்து போனது, குதிரை வந்தது

முதல் வகுப்பை முத்தில் தொடங்குகிறேன். கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘எரித்ரியக் கடலின் பெரிப்ளஸ்’ என்ற கிரேக்கப் பயண நூல் கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. அங்கே கடலில் மூழ்கி முத்தெடுத்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்றும் அது சொல்கிறது. அதே நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி, இந்தியா ஆண்டுதோறும் ரோமப் பேரரசிலிருந்து 5 கோடி செஸ்டர்ஸ் நாணயங்களை இழுத்துக்கொள்கிறது என்று குறைபட்டுக்கொண்டார். இன்றைய மொழியில் சொன்னால், ரோமுக்கு நம்மோடு வர்த்தகப் பற்றாக்குறை.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்கோ போலோவின் குறிப்புகள் வகுப்புக்கு இன்னும் பயன்படும். முத்துக்குளிப்பின் வரவு எப்படிப் பங்கிடப்பட்டது என்பதை அவர் எழுதியிருக்கிறார். வணிகர்கள் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு கொடுத்தார்கள். பெரிய மீன்கள் குளிப்பவர்களைத் தாக்காதபடி மந்திரம் சொல்பவருக்கு இருபதில் ஒரு பங்கு. இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, “மீதி எவ்வளவு? அது யாருக்குப் போயிருக்கும்? மூச்சடக்கி மூழ்கியவருக்கு என்ன கிடைத்திருக்கும்?” என்று கேட்கிறேன். பின்னப் பாடமும் வரலாறும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

அதே மார்கோ போலோ இன்னொன்றையும் சொல்கிறார். பாண்டிய நாட்டுக்கு அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து இறங்கின. நாட்டின் செல்வத்தில் பெரும்பகுதி அதற்கே செலவானது. ஆனால் குதிரையைப் பராமரிக்கும் அறிவு இங்கே இல்லாததால் ஆண்டு முடிவில் மிகச் சில குதிரைகளே மிஞ்சின. குதிரைக்கு மருத்துவம் பார்க்கத் தெரிந்தவர்களை இங்கே அனுப்பவும் வணிகர்கள் விரும்பவில்லையாம். குதிரை செத்தால்தானே மறுபடியும் குதிரை விற்கலாம்!

இந்த இடத்தில் மாணவர்கள் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வருகிறார்கள். ஏற்றுமதியில் எவ்வளவு பணம் வந்தது என்பதோடு கணக்கு முடிவதில்லை. அந்தப் பணத்தில் எதை வாங்கினோம், வாங்கிய பொருளோடு அதன் அறிவும் வந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். முத்து கொடுத்து வாங்கிய குதிரை செத்துப்போனது. முத்து கொடுத்துக் குதிரை வளர்க்கும் கல்வியை வாங்கியிருந்தால் அது அடுத்த தலைமுறைக்கும் நின்றிருக்கும்.

முத்தின் கதை சோகமாகத்தான் முடிகிறது. 1961க்குப் பிறகு நம் கரையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஜப்பானில் கோகிச்சி மிக்கிமோட்டோ 1893இலேயே வளர்ப்பு முத்தை உருவாக்கிவிட்டார். வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்ததும், இயற்கை முத்தை நம்பியிருந்த பாரசீக வளைகுடாத் துறைமுகங்கள் நிலைகுலைந்தன. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் 1973இல் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். அறிவு இங்கேயும் பிறந்தது, ஆனால் ஜப்பானைவிட 80 ஆண்டுகள் பிந்தி.

ஏற்றுமதி மிகுந்திருந்தும் பசி

இரண்டாவது வகுப்பு பருத்தியைப் பற்றியது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் கரிசலில் விளைந்த பருத்தி தூத்துக்குடி வழியாக இங்கிலாந்துக்குப் போனது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது அங்கிருந்து பருத்தி வரவில்லை; இந்தியப் பருத்தியின் விலை ஏறியது. போர் முடிந்ததும் விலை விழுந்தது. கரிசல் விவசாயி அதே நிலத்தில் அதே உழைப்பைத்தான் போட்டார். அவருடைய விலையை நிர்ணயித்தது கடல் கடந்து நடந்த ஒரு போர்.

1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. அதே ஆண்டில் தொடங்கிய பெரும் பஞ்சம் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியது. அந்த ஆண்டுகளிலும் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவின் ஏற்றுமதி இறக்குமதியைவிட ஏறக்குறைய எப்போதும் அதிகமாகவே இருந்தது. ‘வர்த்தக மிகை நல்லது’ என்று பாடநூல் சொல்லும் இலக்கணப்படி பார்த்தால் இந்தியா செழித்திருக்க வேண்டும். அந்த மிகை நாட்டுக்குள் தங்காமல் நிர்வாகச் செலவாகவும் ஓய்வூதியமாகவும் வட்டியாகவும் வெளியேறியது என்பதைத்தான் தாதாபாய் நௌரோஜி ‘செல்வச் சுரண்டல்’ என்று விளக்கினார். 1901இல் அதைப் பெரிய நூலாகவும் வெளியிட்டார்.

இதே இடத்தில் வ.உ.சி.யைக் கொண்டுவருகிறேன். சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியை விடுதலைப் போராட்டத்தின் வீரச் செயலாக மட்டும் நாம் கற்பிக்கிறோம். அது நல்ல பொருளாதாரப் பாடமும்கூட. 1906 அக்டோபர் 16ஆம் நாள் பதிவான அந்தக் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். அப்படியானால் எத்தனை பங்குகள்? 40,000 என்று மாணவர்கள் வகுத்துச் சொல்வார்கள். சரக்கு நம்முடையதாக இருந்தாலும் கப்பல் பிறருடையதாக இருந்தால் ஏற்றுக்கூலி பிறருக்கே போகும் என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ‘காலியா’, ‘லாவோ’ என்ற கப்பல்கள் ஓடின. போட்டிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. 1908 மார்ச்சில் அரசு வ.உ.சி.யைச் சிறையில் அடைத்தது. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

இன்று அந்தத் துறைமுகத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. இருந்தும் தூத்துக்குடியில் ஏறும் கொள்கலன்களில் கணிசமானவை கொழும்பு போய்ப் பெரிய கப்பலுக்கு மாறித்தான் தொலைதூர நாடுகளுக்குச் செல்கின்றன. ‘கப்பல் யாருடையது?’ என்ற வ.உ.சி.யின் கேள்வி இன்னும் பழையதாகிவிடவில்லை.

ஒரு கைப்பிடி உப்பிலிருந்து

மூன்றாவது வகுப்புக்கு ஒரு கைப்பிடி உப்பையும் சிறிது கடற்கரைக் கருமணலையும் எடுத்துச் செல்கிறேன். சாகுபுரம் என்ற ஊர்ப் பெயரே தொழிலால் வந்தது. 1950களின் இறுதியில் சாகு ஜெயின் குடும்பத்தார் இங்கே எரிசோடா ஆலை தொடங்கினார்கள். ஊருக்கு அவர்கள் பெயர் வந்தது. ஆலை இங்கே வந்ததற்குக் காரணம் ஆறுமுகநேரி சுற்றுவட்டாரத்தின் உப்பளங்கள்.

உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் என்ன கிடைக்கும் என்பது நம் அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது. எரிசோடா, குளோரின், ஹைட்ரஜன் மூன்றும் கிடைக்கும். குளோரினும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கருமணலிலிருந்து பிரித்த இல்மனைட் என்ற கனிமத்தை அந்த அமிலத்தில் ஊறவைத்தால் இரும்பு கரைந்து போய்விடும். மிஞ்சுவது செயற்கை ரூட்டைல். இல்மனைட்டில் டைட்டானியம் டை ஆக்சைடு சுமார் பாதிதான்; செயற்கை ரூட்டைலில் அது 90 சதவீதத்துக்கும் மேல். வெள்ளை நிறமி செய்யும் தொழிலுக்கு அது மூலப்பொருள். வெளிநாடுகளுக்கும் போகிறது.

கரும்பலகையில் ஓர் ஏணி வரைந்து, முதல் படியில் உப்பு, மணல் என்றும், அடுத்த படியில் எரிசோடா, அமிலம் என்றும், அதற்கடுத்ததில் ரூட்டைல் என்றும், மேலே நிறமி, அதற்கும் மேலே பெயின்ட் என்றும் எழுதுகிறேன். ஒவ்வொரு படியிலும் விலை ஏறுகிறது. தேவைப்படும் படிப்பும் ஏறுகிறது. “நம் ஊர் எந்தப் படியில் நிற்கிறது? அடுத்த படிக்குப் போக என்ன வேண்டும்?” இந்தக் கேள்வியில் அறிவியல் ஆசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து ஒரு பாடவேளையை நடத்தலாம். நாங்கள் அப்படித்தான் நடத்துகிறோம்.

இதே ஏணியை வேறு பொருள்களுக்கும் வரையலாம். வறண்ட மானாவாரி நிலத்தில் விளையும் நிலாவரை, உலகச் சந்தையில் ‘திருநெல்வேலி சென்னா’ என்ற பெயரில் 19ஆம் நூற்றாண்டு முதல் அறிமுகமானது. இங்கிருந்து இலையும் காயும் போகின்றன. அதன் சத்தைப் பிரித்து மலச்சிக்கல் மாத்திரையாக்குபவருக்கு இலையின் விலையைப் போலப் பல மடங்கு கிடைக்கிறது. தூத்துக்குடிக் கடலில் எடுக்கும் சங்கு வங்காளத்துக்குப் போய் அங்குள்ள கைவினைஞர்களால் வளையலாக மாறுகிறது. இது நாட்டுக்குள்ளேயே நடக்கும் உதாரணம் என்பதால் சிறு வகுப்பு மாணவர்களுக்கும் எளிதாகப் புரியும்.

முந்திரியில் கதை தலைகீழாகிறது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து பச்சை முந்திரிக்கொட்டை தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்குகிறது, கன்னியாகுமரி மாவட்டத்திலும் கொல்லத்திலும் பெண்கள் அதை உடைத்துத் தோல் நீக்குகிறார்கள், பருப்பு ஏற்றுமதியாகிறது. இங்கே ஏணியின் கீழ்ப்படியில் நிற்பது ஆப்பிரிக்க விவசாயி, மேல்படியில் நாம். “நம் கொட்டையை நாமே உடைத்தால் என்ன?” என்று ஐவரி கோஸ்ட் போன்ற நாடுகள் இப்போது ஆலை கட்டுகின்றன. நாம் இங்கிலாந்திடம் கேட்ட கேள்வியை அவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். இதை மாணவர்களுக்குச் சொல்லும்போது, பொருளாதாரத்தில் ‘அவர்கள்’, ‘நாம்’ என்ற இரண்டும் இடம் மாறிக்கொண்டே இருக்கும் என்பது விளங்குகிறது.

இதற்குக் கோட்பாட்டு முகமும் உண்டு. 1950இல் ரவுல் பிரெபிஷ், ஹான்ஸ் சிங்கர் என்ற இரு பொருளியலாளர்கள் தனித்தனியே ஒரே கருத்தைச் சொன்னார்கள். மூலப்பொருளை மட்டும் விற்கும் நாடு, காலப்போக்கில் அதே அளவு எந்திரம் வாங்க மேலும் மேலும் அதிகமான மூலப்பொருளைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதே அது. மேல்நிலை வகுப்பில் பொருளியல் நடத்துவோர் இதை விவாதப் பொருளாக்கலாம்.

ஏறிய நாடுகள்

அப்படியானால் ஏற்றுமதியால் உயர்ந்த ஏழை நாடே இல்லையா? இருக்கிறது. தென்கொரியா 1950களில் போரால் சிதைந்த நாடு. 1964இல்தான் அதன் ஆண்டு ஏற்றுமதி 10 கோடி டாலரைத் தொட்டது. 1977இல் அது 1,000 கோடி டாலர். 13 ஆண்டுகளில் 100 மடங்கு! கனிமம், கடற்பாசி, மீன் என்று தொடங்கி, ஒட்டுப்பலகை, தலைமுடி டோப்பா, ஆடை என்று நகர்ந்து, பின் கப்பல், கார், மின்னணுப் பொருள் என்று ஏணியில் ஏறினார்கள்.

இதில் ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கொரியாவில் ஏற்றுமதி பெருகுவதற்கு முன்பே நிலச் சீர்திருத்தம் நடந்துவிட்டது. ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் தொடக்கப்பள்ளிக்கு வந்துவிட்டார்கள். ஏற்றுமதிப் பணம் வந்த பிறகு பள்ளி கட்டியிருந்தால் அந்த ஓட்டம் நடந்திருக்காது.

வியட்நாமின் கதையும் அதுவே. 1975 வரை போர். 1980களில் அரிசியை இறக்குமதி செய்த நாடு. 1986இல் ‘தோய் மோய்’ என்ற பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கியது. 1989இல் அரிசி ஏற்றுமதி நாடாக மாறியது. பின்னர் காலணி, ஆடை, கைப்பேசி. 2025 ஆகஸ்ட் 4ஆம் நாள் அதே வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் தூத்துக்குடியில் மின்சாரக் கார் ஆலையைத் திறந்தது. ஒரு காலத்தில் நம்மைப் போலவே ஏழையாக இருந்த நாடு இன்று நம் ஊரில் வந்து முதலீடு செய்கிறது என்பதை உலக வரைபடத்தில் காட்டும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காருகிறது. கூடவே, வியட்நாமில் பொருத்தப்படும் கைப்பேசிகளின் பாகங்களில் பெரும்பகுதி பிற நாடுகளிலிருந்து வருபவை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களும் ஏணியின் நடுவில்தான் நிற்கிறார்கள்.

நம் மாநிலத்தில் திருப்பூர் இருக்கிறது. 1985இல் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த பின்னலாடை ஏற்றுமதி, 2024-25இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் ஆனது. நம் மாவட்டத்தின் பல கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். அதே பாடநூலில் உள்ள ‘தமிழ்நாட்டில் தொழில்துறை தொகுப்புகள்’ என்ற பாடத்தோடு இதை இணைத்து நடத்தலாம்.

விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

இங்கே நிறுத்திவிட்டால் பாடம் ஒருபக்கச் சார்பாகிவிடும். மூன்று செலவுகளைக் கட்டாயம் சேர்க்கிறேன்.

முதலாவது, வாங்குபவரின் முடிவு. 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் சுகாதாரக் காரணம் காட்டி இந்தியக் கடலுணவுக்குத் தடை விதித்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு 50 சதவீத வரி விதித்தது. இறாலும் பின்னலாடையும் நேரடியாக அடிவாங்கின. ஒரே பொருளை ஒரே நாட்டுக்கு விற்பது எவ்வளவு ஆபத்து என்பதை விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இரண்டாவது, உழைப்பவரின் விலை. 1908 பிப்ரவரி 27ஆம் நாள் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது கூலி உயர்வுக்கும் வார விடுமுறைக்கும்தான். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள், கோரிக்கைகள் வென்றன. கொரியாவின் வேகமான ஏற்றுமதிக் காலத்தில், 1970 நவம்பரில், தொழிலாளர் சட்டத்தை மதியுங்கள் என்று கேட்டு ஜியோன் தே இல் என்ற 22 வயதுத் தையல் தொழிலாளி உயிரைக் கொடுத்தார். 2013 ஏப்ரல் 24ஆம் நாள் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் மாண்டார்கள். மூன்று நாடு, மூன்று காலம், ஒரே கேள்வி: ஏற்றுமதி வளர்ந்தபோது உழைத்தவரின் நிலை வளர்ந்ததா?

மூன்றாவது, இயற்கையின் விலை. நொய்யல் ஆற்றைக் கெடுத்ததற்காகத் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரித்த பிறகே மீண்டும் இயங்க முடிந்தது. மன்னார் வளைகுடாவில் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட கடல் அட்டை அருகிப்போனதால் 2001இல் அதைப் பிடிக்கவே தடை வந்தது. தடையால் கடலுக்கு நன்மை. அதை நம்பி மூழ்கியவர்களின் பிழைப்பு போனது. முதலிலேயே அளவோடு எடுத்திருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும்.

வகுப்பறையில் ஐந்து கேள்விகள்

எந்த ஏற்றுமதிப் பொருளை எடுத்துக்கொண்டாலும் மாணவர்கள் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்கும்படி பழக்குகிறேன்.

1. நாம் அனுப்புவது ஏணியின் எந்தப் படியில் உள்ள பொருள்?
2. விலையை முடிவு செய்வது யார்? நம்மிடம் வாங்குபவர் ஒருவரா, பலரா?
3. 100 ரூபாய்க்கு விற்றால் அதில் எத்தனை ரூபாய் நம் ஊரில் தங்குகிறது?
4. வந்த பணத்தில் எதை வாங்கினோம்? அதோடு அறிவும் வந்ததா?
5. மண்ணிலும் நீரிலும் கடலிலும் என்ன மிஞ்சியது?

மூன்றாவது கேள்விக்கு ஒரு கற்பனைக் கணக்கு கொடுக்கலாம். ஒரு பொருள் 100 ரூபாய்க்கு ஏற்றுமதியாகிறது. அதற்காக இறக்குமதி செய்த மூலப்பொருள் 65 ரூபாய், வெளிநாட்டுக் கப்பல் கூலி 10 ரூபாய். நாட்டில் தங்குவது எவ்வளவு? இன்னொரு பொருள் 60 ரூபாய்க்குத்தான் விற்கிறது. ஆனால் மூலப்பொருள் முழுவதும் உள்நாட்டுடையது, கப்பல் கூலி அதே 10 ரூபாய். எது நாட்டுக்கு லாபம்? முதலாவதில் 25, இரண்டாவதில் 50 என்று கணக்கிட்டதும், ‘ஏற்றுமதி மதிப்பு’ வேறு, ‘நாட்டில் தங்கும் மதிப்பு’ வேறு என்பது விளங்கிவிடும். முதலாவது தொழிலில் கூலி வேலை அதிகம் கிடைத்தால் என்ன சொல்வீர்கள் என்று தொடர்ந்து கேளுங்கள். ஒற்றை விடை கிடைக்காது. நல்ல விவாதம் கிடைக்கும்.

தொடக்க வகுப்புகளுக்கு இவ்வளவு தேவையில்லை. வீட்டிலிருந்து ஒரு பொருளின் உறையைக் கொண்டுவரச் சொல்லி, அது எங்கே செய்யப்பட்டது என்று படித்துப் பார்த்து வரைபடத்தில் ஒட்டச் சொல்லலாம். அடுத்த நாள், நம் ஊரிலிருந்து வெளியே போகும் பொருள்களைப் பட்டியலிடச் சொல்லலாம். உப்பு, கருப்பட்டி, கருவாடு, வாழை, பனந்தும்பு என்று பிள்ளைகளே அடுக்குவார்கள். வருவதும் போவதும் இரண்டு நிற நூலில் வரைபடத்தில் கட்டப்பட்டால் அதுவே அவர்களுடைய முதல் வர்த்தகப் பாடம்.

உயர்நிலை வகுப்புகளில் குழுவுக்கு ஒரு பொருள் கொடுத்து, வீட்டிலும் தெருவிலும் உள்ள உழைப்பாளிகளிடம் ஐந்து கேள்விகளையும் கேட்டு வரச் சொல்லலாம். ஒரு எச்சரிக்கை: யாருடைய கூலியையும் பெயரோடு வகுப்பில் படிக்க வைக்க வேண்டாம். குடும்பத்தின் வறுமை காட்சிப்பொருளாகிவிடக்கூடாது. உப்பளத்தில் மழைக்காலத்தில் வேலை இல்லை என்பதைச் சொல்லும் பிள்ளை அதை ஒரு பொருளாதாரத் தகவலாகச் சொல்லும் தன்னம்பிக்கையோடு சொல்ல வேண்டும். அந்தச் சூழலை உருவாக்குவது நம் பொறுப்பு.

பள்ளியின் இடம்

இத்தனையும் நடத்திய பிறகு நான் வந்து சேரும் இடம் இது. ஏற்றுமதி ஒரு ஏழை நாட்டுக்குக் கதவைத் திறந்துவிடும். பெரிய சந்தை, புதிய எந்திரம், வேலை எல்லாம் அந்தக் கதவு வழியாக வரும். கதவைச் சாத்திக்கொண்டு வளர்ந்த சிறிய நாடு ஒன்றைக் காட்டுவது கடினம். ஆனால் கதவு திறந்திருந்த கொற்கையும் காயலும் அதனால் மட்டும் நிலைத்துவிடவில்லை. திறந்த கதவின் உள்ளே கற்றவர்களும், நியாயமான கூலியும், கெடாத நீரும், வந்த லாபத்தை ஊரிலேயே மறுபடி முதலீடு செய்யும் வழியும் இருந்தால்தான் வளர்ச்சி தங்கும்.

பெருந்தலைவர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை 1956இல் தொடங்கியது நம் மாவட்டத்தின் எட்டயபுரத்தில். பருத்தி விளைந்து கப்பலேறிய அதே கரிசல் மண். பருத்தி ஏற்றுமதியான நூறாண்டுக் காலத்தில் அந்த மண்ணின் பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒன்று, ஒரு வேளைச் சோறும் ஒரு பள்ளியுமாக அப்போது கிடைத்தது. இன்று தமிழ்நாட்டின் தொழிற்சாலைகளில் எந்திரத்தின் முன் நிற்கும் ஆண்களும் பெண்களும் அந்தச் சத்துணவில் படித்த தலைமுறைகளின் வாரிசுகள்தான். தமிழ்நாட்டின் ஏற்றுமதி வரலாற்றை எழுதுகிறவர்கள் துறைமுகத்தோடு சேர்த்துப் பள்ளிக்கூடத்தையும் எழுத வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

அடுத்த முறை இந்தப் பாடத்தைத் தொடங்கும்போது உங்கள் ஊரிலிருந்து வெளியே போகும் ஒரு பொருளை மேசைமேல் வையுங்கள். அது ஈரோட்டு மஞ்சளாக இருக்கலாம், ஆம்பூர்த் தோலாக இருக்கலாம், நீலகிரித் தேயிலையாக இருக்கலாம். ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். மூன்று வரி விடை மூன்று பக்கமாக விரியும். மாணவர்கள் சொல்லும் விடைகளையும், அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விகளையும் இந்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள். ஒருவர் வகுப்பில் பிறந்த கேள்வி இன்னொருவர் வகுப்புக்கும் பயன்படட்டும்.